கசோம்பாவின் தோளுக்கு ஒரு கபுத்தி

வியாழக்கிழமை காலையில் ஜாபினிச் சந்தைக்கு வந்து என் சித்தி வரிகியா பொதி பிரிப்பதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். கட்டுக்கம்பி அறுந்ததும், கடல் தாண்டி நசுங்கி வந்த பழைய துணியெல்லாம் பெருமூச்சு விட்டு மேலே எழும். சுற்றி நிற்கும் இருபது பெண்களும் அந்த நொடிக்காகத்தான் காத்திருப்பார்கள். மற்றவர்கள் ஸ்வெட்டருக்கும் பாவாடைக்கும் பாய்வார்கள். சித்தி பாய்வது கனத்துக்கு. கண்ணை மூடிக்கொண்டு தோள்வரை கையை உள்ளே விட்டுத் துழாவுவாள். பாறை மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் கண் திறக்கும்.

"வாடா ராசா, இவ்வளவு நாளா எங்க இருந்த?" என்று கேட்டுக்கொண்டே அதை வெளியே இழுப்பாள்.

அந்த ராசாவுக்கு எங்கள் ஊரில் பெயர் கபுத்தி. பட்டாளக்காரன் குளிருக்குப் போடும் நீண்ட மேலங்கி. கினாங்கோப் மேட்டில் ஜூலை மாதம் உருளைக்கிழங்குச் செடி ஒரே இரவில் உறைபனியில் கருகிவிடும். நியாண்டருவா மலையிலிருந்து இறங்கும் மூடுபனி பகல் பன்னிரண்டுவரை கூட விலகாது. அங்கே கபுத்தி வைத்திருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் உள்ள வித்தியாசம், வீடு இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் உள்ளதைப் போன்றது.

சித்தி ஒரு கபுத்தியைப் பார்க்கும் விதமே தனி. முதலில் துணியின் மேல் தண்ணீர் தெளிப்பாள். துளி முத்தாக நின்றால் நல்ல அடி வாங்கிய கம்பளி. நெய்தபின் வெந்நீரில் போட்டு மிதித்துச் சுருக்கி, நூலுக்கும் நூலுக்கும் இடைவெளி இல்லாமல் ஆக்கிய துணி. பிறகு முதுகைத் திருப்புவாள். இடுப்புக்குக் கீழே நீளமாகப் பிளந்திருந்தால் குதிரைமேல் உட்கார்ந்தவனுக்குத் தைத்தது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவிலிருந்து ஆழமான மடிப்பு இறங்கி, அதை ஒரு பட்டை பொத்தான் போட்டுப் பிடித்திருந்தால் நடந்தவனுக்குத் தைத்தது. அந்தப் பட்டையைக் கழற்றினால் கோட்டு விரிந்து போர்வையாகிவிடும். அதில்தான் அவன் தூங்கினான். முட்டிக்கு மேலே கத்தரித்து மடித்துத் தைத்திருந்தால், சேற்றுக் குழியில் நின்றவன். சேறு ஏறினால் கபுத்தி ஆளைவிடக் கனக்கும்; பொறுக்க முடியாமல் அவனே கத்தியால் அறுத்திருப்பான்.

"இவன் இடது கைக்காரன்," என்பாள் சில சமயம். எந்தப் பை அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அது.

நான் நைரோபியில் மூன்று ஆண்டு வரலாறு படித்தவள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வேலை கிடைத்து ஜாபினி மேல்நிலைப் பள்ளிக்குத் திரும்பி வந்தபோது, உலகப் போர்களைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். முதல் போரில் எங்கள் ஆட்களைச் சுமை தூக்கக் கொண்டுபோனவர்கள் ஆளுக்கொரு போர்வைதான் கொடுத்தார்கள், கபுத்தி வெள்ளைக்காரனுக்கு என்பதைப் படித்திருந்தேன். போர் முடிந்து அதே வெள்ளைக்காரன் இங்கே பண்ணை பிடித்தபோது கபுத்தியும் கூட வந்ததையும், இரண்டாவது போருக்குப்பின் எங்கள் பையன்களும் அதைப் போட்டுக்கொண்டு கப்பலிலிருந்து இறங்கியதையும் படித்திருந்தேன். ஆனால் சித்தியின் கடையில் ஒரு மத்தியானம் நின்றபோது என் படிப்புக்குக் கையும் இல்லை மூக்கும் இல்லை என்று தோன்றியது. நான் படித்த போரில் யாருக்கும் குளிரவில்லை.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு வேடிக்கை. சித்தப்பா பால் லாரி ஓட்டினார். மலைச்சாலையில் ஒரு மழைக்காலத்தில் லாரி கவிழ்ந்து இறந்துவிட்டார். அப்போது மகன் கதோகோவுக்கு நாலு வயது. சித்தி சந்தையில் முட்டைக்கோஸ் விற்றாள். விற்காத கோஸைக் கொடுத்து ஒரு பழைய கபுத்தி வாங்கி அதைப் போட்டுக்கொண்டே வியாபாரம் செய்தாள். இரவில் தாயும் பிள்ளையும் அதற்குள்ளேயே படுத்தார்கள். ஒரு நாள் பால்காரன் ஒருவன் வந்து கோஸைப் பார்க்காமல் அவளையே பார்த்தான்.

"என்ன அண்ணே பாக்குறீங்க?"

"கோஸு வேணாம். மேல போட்டிருக்கியே, அது என்ன விலை?"

உடம்பிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வீடு வந்து, அடுப்புமுன் உட்கார்ந்து, கோஸை விட்டுவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள்.

அந்தக் கதோகோ இப்போது பால் கூட்டுறவு நிலையத்தில் பால் பரிசோதிப்பவன். அங்கேயே ரசீது எழுதும் ந்யாக்கியோவும் அவனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். எல்லாம் சரி. ந்யாக்கியோவின் அப்பா கசோம்பாதான் பிரச்சினை.

எங்கள் பக்கம் பெண் கேட்டுப் போகும்போது ஆடுகள், பெண்ணின் அம்மாவுக்குப் போர்வை, அப்பாவுக்குக் கபுத்தி, இவை இல்லாமல் பேச்சே தொடங்காது. ஒரு காலத்தில் அரசாங்கம் வைத்த ஊர்த்தலைவர்கள்தான் கபுத்தி போட்டு நடந்தார்கள். அப்புறம் ஒவ்வொரு தகப்பனும் அந்த மரியாதையை மருமகனிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். கசோம்பாவுக்கும் இரண்டு மருமகன்கள் ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள். ஆனால் கசோம்பா மிகச் சிறிய மனிதர். பட்டாளத்துக்கு ஆள் எடுப்பவன் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பான். முதல் மருமகனின் கபுத்தியை ஊர் பார்க்கப் போட்டபோது அதன் ஓரத்தை அவரே மிதித்துக் குப்புற விழுந்தார். இரண்டாவது மருமகனின் கபுத்தியில் அவர் கை வெளியே வரவில்லை. வாழ்த்த வந்தவர்கள் கோட்டின் வெறும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஊர் சிரித்தது. மனிதருக்கு அது ஆறவில்லை.

மூன்றாவது மகளைக் கேட்டுக் கதோகோவின் பெரியப்பா கிதாஹி முதல் பேச்சுக்குப் போனபோது கசோம்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"என் தோளுக்குப் பொருந்துற கபுத்தி கொண்டுவாங்க. பட்டாளக் கபுத்தியா இருக்கணும், வெட்டித் தைச்சதா இருக்கக் கூடாது. இல்லைன்னா வந்த வழியே போயிடலாம். இன்னொரு தடவை ஊர் சிரிக்க நான் நிக்க மாட்டேன்."

ந்யாக்கியோ கதோகோவிடம் தனியாகச் சொன்னாள்: "அப்பா எழுந்து போயிட்டார்னா நான் அவர் பின்னாலதான் போவேன். அவர் அன்னிக்கு விழுந்ததுக்கு அப்புறம் ஒரு மாசம் சந்தைக்கே போகல. நான் பார்த்தேன்."

வெட்டித் தைத்துக் கொடுக்கலாமே என்று நான் கேட்டேன். சித்தி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"டீச்சரே, கபுத்தியோட தோளைப் பிரிச்சா அது செத்துப்போச்சு. அதோட, அந்தாளுக்கு ஒரு அக்கா இருக்கா, வமைதான்னு. ஸ்கூல் பிள்ளைகளுக்குத் துணி தைக்கிறவ. கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால தடவியே கண்டுபிடிச்சிருவா."

ஆகவே அளவு வேண்டும். கேட்டால் கொடுக்கிற ஆள் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சித்தி அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். எல்லோரும் கண் மூடி ஜெபிக்கும்போது தன் பாட்டுப் புத்தகத்தை அவர் முதுகுக்குப் பின்னால் நீட்டிப் பிடித்து அளந்தாள். இரண்டு புத்தகம், நாலு விரல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

நாள் குறித்தாயிற்று. நடுவில் ஆறு வியாழக்கிழமைகள். ஐந்து வியாழக்கிழமை எல்லாக் கபுத்தியும் ராட்சதர்களுக்குத் தைத்தவை. குளிர் நாட்டுக்காரர்கள் எல்லோரும் கதவு உயரத்துக்கு வளர்ந்திருப்பார்கள்போல. கதோகோ சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டான். சித்தி தூக்கத்திலும் துழாவினாள்.

ஆறாவது வியாழன். பொதி திறந்தது. அவள் கை உள்ளே போனது. நான் அன்று பள்ளிக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவள் கண் திறந்தது, ஆனால் பேசவில்லை. இழுத்தாள், வரவில்லை. பொதிக்கு அந்தப் பக்கம் நைவாஷாவிலிருந்து வந்த ஒரு தடித்த அம்மாள் அதே கோட்டின் மற்றொரு கையைப் பிடித்திருந்தாள்.

"விடு," என்றாள் அந்த அம்மாள்.

"அக்கா, கையை எடு. என் பிள்ளையோட கல்யாணம் இதுல தொங்குது."

"இங்க எல்லாரோட கல்யாணமும் தொங்குது. விடு."

"உனக்கு என்ன வேணும்? இந்தப் பொதியில நான் எடுக்குற வேற எதையும் எடுத்துக்கோ. எல்லாத்தையும் எடுத்துக்கோ."

அந்த அம்மாள் யோசித்துப் பிடியை விட்டாள். சித்தி அன்று அந்தப் பொதியில் வேறொன்றும் வாங்கவில்லை. கோட்டை மேசையில் விரித்தாள். இரும்பு நிறம். இரண்டு வரிசையில் பத்துப் பொத்தான். உயர்ந்த காலர், முதுகில் மடிப்பு, அதன்மேல் பட்டை. தண்ணீர் தெளித்தாள், முத்து முத்தாக நின்றது. பாட்டுப் புத்தகத்தை எடுத்துத் தோளில் வைத்தாள். ஒன்று. இரண்டு. நாலு விரல். துணி முடிந்த இடத்தில் விரலும் முடிந்தது. அப்படியே பொதிமேல் உட்கார்ந்து கண்ணீர் வரும்வரை சிரித்தாள். சந்தையே எங்களைப் பார்த்தது.

எங்கள் குடும்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெண்ணின் அப்பாவுக்கென்று எடுத்த கபுத்திக்குள் வேறு யார் உடம்பும் நுழையக் கூடாது. அதன் பொத்தானை அவர்தான் முதலில் போட வேண்டும். அதனால் சித்தி அதைத் தூசு தட்டி, ஆவி பிடித்து, திறந்தபடியே மடித்து, ஒரு வெள்ளைத் துணியில் கட்டி வைத்துவிட்டாள். வேறு எந்தக் கோட்டாக இருந்தாலும் பத்துத் தடவை போட்டுப் பார்த்திருப்பாள்.

சனிக்கிழமை காலை பத்து மணி. ஆடுகள், போர்வைகள், ஒரு சுரைக்குடுக்கையில் தேன் மதுவான முராத்தினா, நாங்கள் ஒன்பது பேர், எல்லாம் ஒரு பிக்கப் வண்டியின் திறந்த பின்பக்கத்தில். முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் கதோகோ, இஸ்திரி போட்ட சட்டை கசங்காமல். பெண்கள் பாடிக்கொண்டு வந்தோம். மூடுபனியில் சாலையே தெரியவில்லை. பெரியப்பா கிதாஹி எங்கள் கட்சிக்குப் பேச்சாளர். ஒல்லியான, உயரமான, எப்போதும் குளிரும் மனிதர். நாங்கள் பாட்டில் இருந்தபோது அவர் மெதுவாக வெள்ளைத் துணி மூட்டையை அவிழ்த்துக் கபுத்தியைத் தோள்மேல் போர்த்திக்கொண்டார். சித்தி திரும்பிப் பார்த்தபோது அவர் பொத்தான் போட முயன்றுகொண்டிருந்தார்.

"அத்தான், அறிவு இருக்கா உங்களுக்கு? கழட்டுங்க அதை."

"கழட்டுறேன், கழட்டுறேன். ஆனா வரிகியா, இந்தக் கோட்டுக்கு என்னமோ ஆயிருச்சு. எழுபது வருஷமா பட்டன் போடுறேன். என் கையே எனக்கு மறந்துபோச்சு."

"பேசாம கழட்டுங்க."

"இல்லம்மா, பாரு. காஜா இருக்க வேண்டிய பக்கம் காஜா இல்ல."

சித்தி பார்த்தாள். பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது.

ஆண்கள் கோட்டில் இடப்பக்கம் மேலே வந்து மூடும். காஜா இடது ஓரத்தில் இருக்கும். பெண்கள் கோட்டில் வலப்பக்கம் மேலே. பழந்துணி வாங்கிப் பழகிய எங்கள் ஊரில் இதைத் தெரியாதவர் இல்லை. இந்தக் கோட்டின் காஜாக்கள் வலது ஓரத்தில் வரிசையாக இருந்தன. எந்த நாட்டுப் பெண்கள் படைக்கோ தைத்தது. அதனால்தான் அவ்வளவு சிறிய தோள். அதனால்தான் அது கசோம்பாவுக்குப் பொருந்தியது.

சித்தி வண்டியின் கூரையில் ஓங்கித் தட்டினாள். வண்டி நின்றது. கதோகோ இறங்கி வந்து கேட்டுவிட்டு, ஆட்டின்மேல் கைவைத்துக்கொண்டு நின்றான். அடுத்த திருப்பம் தாண்டினால் கசோம்பாவின் வாசல். அவர்கள் வீட்டுப் பெண்கள் எங்களை வழிமறிக்கப் பாடத் தொடங்கியது மூடுபனிக்குள்ளிருந்து கேட்டது.

"திரும்பிப் போயிடலாம்," என்றான் கதோகோ.

"திரும்பினா அதுவே பதில் சொன்ன மாதிரி," என்றார் பெரியப்பா. "போனாலும் தப்பு. ஊர் கூடியிருக்கு. ஒரு ஆம்பளைக்குப் பொம்பளை கோட்டை மாட்டி விட்டாங்கன்னா, அந்தாளு மூணாவது தடவை…"

"எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க," என்றாள் சித்தி.

கோட்டை மடியில் போட்டு வலது மடலைத் திறந்தாள், மூடினாள். இடது மடலைத் திறந்தாள், மூடினாள். அவள் முகத்தில் பொதி பிரிக்கும்போது வரும் களை வந்ததைப் பார்த்தேன்.

"ரெண்டு வரிசை பட்டன்," என்றாள். "ரெண்டு மடலிலேயும் ஒவ்வொரு வரிசை. வலது மடல்ல இருக்குறது சும்மா அழகுக்கு. நான் இடது ஓரத்துல காஜா வெட்டினா, அழகுக்கு இருக்குறதுல அது மாட்டும். பழைய காஜா அடியில போயிடும். வெளிய தெரியாது."

"எத்தனை வெட்டணும்?"

"அஞ்சு."

"நேரம்?"

"அத்தான், உங்களால வாசல்ல எவ்வளவு நேரம் தோக்க முடியுமோ அவ்வளவு நேரம்."

பெண் வீட்டு வாசலில் வழக்கம் இதுதான்: உள்ளே இருக்கும் பெண்கள் பாட்டில் கேள்வி கேட்பார்கள், வெளியே இருப்பவர்கள் பாட்டில் பதில் சொல்ல வேண்டும். பதில் சரியாக இருந்தால் கதவு திறக்கும். சாமர்த்தியமாகப் பதில் சொல்லிச் சீக்கிரம் உள்ளே போவதுதான் பெருமை. பெரியப்பா கிதாஹி அந்த வட்டாரத்திலேயே வேகமாகக் கதவு திறக்க வைப்பவர் என்று பேர் வாங்கியவர். இன்று அவர் தோற்க வேண்டும். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

வண்டியை வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் வேலிக்குப் பின் நிறுத்தினார்கள். சித்தியும் நானும் பின்பக்கத்தில் ஆடுகளுக்கு நடுவே. அவளுடைய தலைத்துணியில் எப்போதும் இரண்டு ஊசி இருக்கும்; பையில் பிளேடு, சாம்பல் நிற நூல், தேன்மெழுகு. நான் துணியை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்தேன். எடுத்த எடுப்பில் பிளேடை வைக்கவில்லை. பொத்தானை மேலே வைத்து நகத்தால் கோடு போட்டாள். ஒரு நூல் தள்ளிப் போனால் கோட்டின் முன்பக்கமே கோணிக்கொள்ளும். மூச்சை அடக்கினாள். பிளேடு இறங்கியது. அந்தக் கம்பளி தோல் மாதிரி சத்தம் போட்டுப் பிளந்தது.

வாசலில் வமைதாவின் குரல் ஓங்கி ஒலித்தது. கசோம்பாவின் அக்கா, கழுத்தில் அளவு நாடா போட்டுக்கொண்டே விருந்தாளிகளை வரவேற்பவள்.

"யாரு வாசல்ல? எதுக்கு வந்தீங்க?"

"உருளைக்கிழங்கு வாங்க வந்தோம்," என்று பாடினார் பெரியப்பா.

உள்ளே ஒரே சிரிப்பு. "ஐயோ, கிதாஹிக்கு வயசாயிருச்சு. உருளைக்கிழங்குக்கு எதுக்குய்யா இத்தனை ஆடு?"

"ஆடும் உருளைக்கிழங்கு தின்னும்னு கேள்விப்பட்டோம்."

முதல் காஜா முடிந்தது. வெட்டின ஓரம் முழுதும் நெருக்கமாக நூல் சுற்றி, முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்தாள். எனக்குக் கை மரத்துவிட்டது. இரண்டாவது. ஓர் ஆடு நூல்கண்டை மென்று பார்த்தது. நான் முழங்காலால் தள்ளினேன். வாசலில் பெரியப்பா வழி தவறி வந்ததாகச் சொன்னார். பிறகு தண்ணீர் கேட்டார். பிறகு தன் கட்சியில் மாப்பிள்ளை யார் என்பதே தனக்கு மறந்துவிட்டது என்றார். கதோகோவை முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்துச் சோதித்தார்கள். மூன்றாவது. பெண் வீட்டார் சிரித்துச் சிரித்துக் களைத்தார்கள். நாலாவது காஜாவில் ஊசி சித்தியின் விரலில் ஏறியது. விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு மறுபடி தைத்தாள்.

"சித்தி, முடியுமா?"

"பேசாதே. இழுத்துப் பிடி."

நாலாவது முடிச்சு விழுந்த அதே நேரம் வமைதா சொல்வது கேட்டது: "போதும்யா. நீ பதில் சொல்றதுக்குள்ள பொண்ணு கிழவியாயிருவா. குளிருது, உள்ள வாங்க." கதவு திறந்தது. நாங்கள் ஜெயித்துவிட்டோம், வேண்டாத நேரத்தில்.

ஐந்தாவது காஜா கழுத்துக்குக் கீழே வருவது. சித்தி காலரை மடித்துத் திறந்து விட்டாள். "மேல் பட்டனை யாரும் போடுறதில்ல," என்றாள். தனக்கே சொல்லிக்கொண்டது அது.

முற்றத்தில் கூடாரம். ஐம்பது பேர் இருப்பார்கள். தேநீர், மசித்த கிழங்கு முகிமோ, வணக்கம், ஜெபம் எல்லாம் முடிந்தன. ஆடுகள் இன்னும் வண்டியிலேயே கத்திக்கொண்டிருந்தன. கபுத்தி ஏற்றுக்கொள்ளப்படும்வரை அவற்றை இறக்கக் கூடாது. பெரியப்பா வெள்ளைத் துணியை அவிழ்த்தார். கூட்டத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்கள், சிரிக்கத் தயாராக.

கசோம்பா எழுந்தார். வலது கை, இடது கை. தோளைக் குலுக்கினார். கோட்டு அவர்மேல் போய் உட்கார்ந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கை மணிக்கட்டில் நின்றது. ஓரம் முட்டிக்கு ஒரு சாண் கீழே நின்றது. அவர் ஒரு சுற்றுச் சுற்றினார். முதுகு மடிப்பு விரிந்து மறுபடி மூடியது. யாரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்ற ந்யாக்கியோ வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

அவர் கீழிருந்து பொத்தான் போடத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. புதுக் காஜா, இறுக்கமாக இருந்தது, ஆனால் வாங்கியது. மூன்று. நாலு. நாலோடு நிறுத்த வேண்டுமே என்று சித்தியும் நானும் வேண்டிக்கொண்டோம். ஆனால் ஜூலை மாதம். காலரைத் தூக்கிவிட்டார். கை கழுத்துக்குப் போனது. தடவியது. மறுபடி தடவியது.

வமைதா எழுந்து வந்தாள். மடலைப் புரட்டினாள். கீழே மறைந்திருந்த பழைய காஜாக்கள் வரிசையாக வெளியே வந்தன. அவள் ஒரு காஜாவில் விரல் விட்டாள், பிறகு புதுக் காஜாவைத் தடவினாள். விரல் நுனியில் மெழுகு ஒட்டியது.

"ரெண்டு பக்கமும் காஜா இருக்கே," என்றாள் மெதுவாக. மொத்தக் கூடாரமும் அதைக் கேட்டது.

நான் எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று இன்றுவரை கேட்டுக்கொள்கிறேன். "கப்பல்காரங்க கோட்டு அப்படித்தான் இருக்கும் அக்கா. காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுக்கேத்த மாதிரி மாத்தி மூடிக்கிறதுக்கு. நான் படிச்சிருக்கேன்." நான் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. மொத்தமும் பொய்.

தலைகள் ஆடின. படித்த பெண் சொல்கிறாள். முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"உக்காரு டீச்சரே," என்றாள் சித்தி. அவள் எழுந்தாள். "ஐயா, அவ சொல்றது கப்பல் கோட்டு. இது கப்பல் கோட்டு இல்ல. இது பட்டாளத்துப் பொம்பளை கோட்டு. எனக்கும் இன்னிக்குக் காலையிலதான் தெரியும். தைச்ச மாதிரியே விட்டா உங்களுக்கு மரியாதை இல்ல. அதான் உங்க வாசல்ல உக்காந்து ஆம்பளைப் பக்கம் காஜா வெட்டினேன். நாலு முடிஞ்சது. அஞ்சாவதுக்குள்ள உங்க அக்கா கதவைத் திறந்துட்டாங்க."

கதோகோ கண்ணை மூடிக்கொண்டான். பெரியப்பா முராத்தினாக் குடுக்கையை இறுக்கிப் பிடித்தார், யாரோ பிடுங்கப் போவதுபோல். கூட்டத்தில் ஒருவர் இருமினார், அது சிரிப்பாக மாறப் பார்த்தது. கசோம்பா அந்தப் பக்கம் திரும்பினார். இருமல் நின்றது.

அவர் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார்.

"இப்ப இது எந்தப் பக்கம் மூடுது?" என்று அக்காவைக் கேட்டார்.

"இடது மேல."

"அப்ப யாரு கோட்டு?"

வமைதா சித்தியைப் பார்த்தாள்.

"மூத்த மருமகன் ஆம்பளை கோட்டுதான் கொண்டுவந்தான்," என்றார் கசோம்பா. "அது இப்ப கன்னுக்குட்டி மேல கிடக்கு. ரெண்டாவது ஆளும் ஆம்பளை கோட்டுதான். அது விதைக்கிழங்கு மேல கிடக்கு. நான் குள்ளன்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்சு என்ன? எனக்குன்னு எவனாச்சும் ஒரு ஓட்டை வெட்டியிருக்கானா?"

அவர் காலரைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தார்.

"சரி," என்றார். "கழுத்துல குளிருது. அதையும் வெட்டிரு."

"கழட்டிக் கொடுங்க ஐயா, ஒரு நிமிஷத்துல…"

"கழட்ட மாட்டேன்."

சித்தி பையைத் தேடினாள். நூல் வண்டியில் இருந்தது, அதில் ஆடு மென்றது போகக் கொஞ்சம்தான். அதற்குள் வமைதா வீட்டுக்குள் போய் வந்தாள். கையில் ஒரு நூல்கண்டு, கோட்டின் நிறத்துக்கே அச்சாக.

"உன் நூல் ஒரு சாயல் வெளுப்பு," என்றாள். "காஜா நல்லாத்தான் போட்டிருக்க. மத்த நாலையும் அப்புறம் நானே இதுல மாத்திக்கிறேன். பிடி, நான் துணியை இழுத்துப் பிடிக்கிறேன்."

இரண்டு பெண்களும் அந்தச் சிறிய மனிதரின் முன்னால் நின்றார்கள். அவர் தாடையை மேலே தூக்கினார். சித்தி நகத்தால் கோடு போட்டாள். பிளேடு அவர் தொண்டைக்கு நாலு விரல் கீழே இருந்தது. கம்பளி சத்தம் போட்டுப் பிளந்தது. முகத்தை வானத்தைப் பார்க்க வைத்தபடியே கசோம்பா யாருக்கென்று இல்லாமல் சொன்னார்:

"ஏன் இன்னும் அந்த ஆடுங்க வண்டியிலயே கத்துது? இறக்கிக் கட்டுங்கப்பா."